பத்தொன்பது பேர், ஒரே ஒரு பதில்

குவிஸ் வைத்த முதல் நாளே என் மானம் கப்பலேறியது. காட்டுப்பள்ளித் துறைமுகம் பக்கத்திலேயே இருப்பதால் கப்பலுக்குப் பஞ்சமில்லை.

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் படிப்பை விட்டவர்கள் தனித்தேர்வர்களாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத, நான் போனில் ஆன்லைன் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். நான் பேசுவேன், அவர்கள் மைக்கை மூடிவிடுவார்கள். கேட்கிறார்களா, மீன் ஆய்கிறார்களா என்று தெரியாது. அதனால்தான் அந்த குவிஸ் கருவி. திரையில் கேள்வி வரும், நான்கு பட்டன் இருக்கும், தொட்டால் போதும்.

உள்ளே பத்தொன்பது பேர். முதல் கேள்விக்குப் பதில் போட்டது ஒருவர்தான். இரண்டாவதற்கும் ஒன்றுதான்.

ஒருங்கிணைப்பாளர் மேடம் போன் செய்தார்.

"இன்னா சார் இது? சனிக்கிழமை ஆபீசர் பாக்கறாரு. இதே மாதிரி இருந்தா கிளாஸை மூடிடுவாங்க."

மூடினால் எனக்கு வேறு வேலை கிடைக்கும். கலாவதிக்குக் கிடைக்காது. என் மாணவி, ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர். பத்தாவது தேறி அங்கன்வாடி வேலைக்கு மனுப் போட அவருக்கு இது கடைசி வருடம், அப்புறம் வயது தாண்டிவிடும்.

கோளாறு இணைப்பில்தான் என்று நினைத்து மோடத்தை அணைத்துப் போட்டேன். மொட்டை மாடிக்கு ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று இன்றுவரை தெரியாது. மனைவியின் போனில் 'சோதனை' என்ற பெயரில் மாணவனாக நுழைந்து, நானே போட்ட கேள்விக்குத் தப்பான பட்டனைத் தொட்டேன். கருவி ஒழுங்காக வேலை செய்தது. நான்தான் செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை வகுப்பில் கெஞ்சியே விட்டேன். "முதல் கேள்விக்குக்கூட ஏன் ஒருத்தரைத் தவிர யாரும் தொட மாட்டேங்கறீங்க?"

கலாவதி மைக்கைத் திறந்தார். "இன்னா சார் நீ இப்பிடிக் கேக்கற? அது ரோசியோட கேள்வி. நாங்க எப்பிடித் தொடறது?"

"யாரு சொன்னது?"

"குவிஸுக்கு முன்னாடியே சீட்டுக் குலுக்கிட்டோம் சார். எனக்குப் பன்னண்டாவது. நீதான் அஞ்சோட நிறுத்திடற!"

ஏரியில் யார் எந்த இடத்தில் எந்த நாள் வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். அடுத்தவர் பாட்டில் கை வைத்தால் ஊர்க்கூட்டம்தான். குவிஸில் முந்துகிறவர் பெயர் மேலே வரும் என்று நான் முன்பே சொன்னதைக் கேட்டு, சண்டை வேண்டாமென்று அதற்கும் பாடு வைத்திருக்கிறார்கள்.

கருவியைத் துழாவினேன். ஆளுக்கொரு கேள்வி அனுப்பும் வசதி இருந்தது. சனிக்கிழமை ஆபீசர் முன்னால் பெயர்ச் சக்கரத்தைத் திரையில் சுழற்றி, கேள்விகளைப் பிரித்தேன். அவரவர் பாடு அவரவருக்கு. பத்தொன்பது பதிலும் மளமளவென்று வந்து விழுந்தன.

"இருபதாவது ஆள் பாக்கி இருக்கே. யாருங்க அது, சோதனை?" என்றார் ஆபீசர். மனைவியின் போனில் நுழைந்த அந்தப் பெயரை நான் நீக்கவே இல்லை.

"அது நம்ம சாருதான்," என்றார் கலாவதி. "சார், உன் பாடு வந்துகீது. போடு."

கூம்பின் கன அளவு. நான் எழுதிய கேள்விதான். மண்டை காலி.

"யாராவது சொல்லுங்களேன்."

"உன் பாட்டுல நாங்க எப்பிடி சார் கை வெக்கறது?"

பத்தொன்பது மைக்கும் மூடிக்கொண்டன.

ஆபீசர் சிரித்துவிட்டு, வகுப்பு நடக்கட்டும் என்றார். கலாவதி அந்த வருடமே எழுதித் தேறினார். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பதில் வராவிட்டால் மாடிக்கு ஓடாதீர்கள், உள்ளே இருப்பவர்களைக் கேளுங்கள்.

அன்றைக்கு இருபது பேரில் தப்பாகப் போட்டது, கூம்பு வந்த நான் ஒருத்தன்தான்.