இடது கை மட்டும் வைத்த சட்டைகள்

இருபத்தொரு வருடம் தையல் மெஷினில் உட்கார்ந்த பிறகு, போன ஜூன் மாதம்தான் அவருக்கு நிற்கும் வேலை கிடைத்தது. சட்டைக் கம்பெனியின் மூன்றாம் லைனுக்கு சூப்பர்வைசர். சம்பளம் கொஞ்சம் கூடியது; அவருக்கு அது பெரிதாகப் படவில்லை. இனிமேல் நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்தால் இடுப்பு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பதவி வந்த வாரமே வலி பாதியாகிவிட்டது என்று லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மைக் அக்கா என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள். அத்தனை மெஷினும் ஓடும்போதே அவர் குரல் கடைசி மேசை வரை போகும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் கடைக்கு மேலே உள்ள அறையில் சங்கக் கூட்டம். பல நாடுகளில் கிளை உள்ள சங்கம். போர் வேண்டாம், உழைப்பவருக்கு நியாயம் வேண்டும் என்பதுதான் அங்கே பேச்சு. பட்டன் துளைக்குக் காஜா எடுக்கும் தோழி இழுத்துப் போனதால் போக ஆரம்பித்தார், முதலில் டீக்காக. பிறகு ஒரு கூட்டம்கூட விடவில்லை. ஒரு நாட்டில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தால், அந்த வேலையை இன்னொரு நாட்டுக் கிளை வாங்கிச் செய்யாது என்று முடிவெடுத்த அன்று அவர் இரண்டு கையையும் தூக்கினார். ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டுதான் என்று சொல்லி ஒரு கையை இறக்க வைத்தார்கள்.

ஒரு வியாழக்கிழமை மதியம் லைனில் மூட்டை மூட்டையாகச் சட்டைகள் வந்து இறங்கின. பிரித்தால், எல்லாவற்றிலும் இடது கை மட்டும் தைத்திருந்தது. வலது கை தனியே மடித்துக் கிடந்தது. தன் லைனிலிருந்து போனவைதான் திரும்பி வந்திருக்கின்றன என்று நினைத்து மைக் அக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. கை தைக்கும் பெண்ணிடம் நேராகப் போய், வேலையைப் பாதியில் விட்டுவிட்டு எந்த மாப்பிள்ளையைப் பார்க்கப் போனாய் என்று ஆரம்பித்துவிட்டார். அவள் ஒரு சட்டையைப் புரட்டிக் காட்டினாள்.

“அக்கா, இது நம்ம லைன்ல தைச்சதே இல்ல. நாம எப்பவும் வலது கையத்தான முதல்ல வைப்போம்?”

அப்போதுதான் உறைத்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு சட்டைக் கம்பெனியில், தீ பிடித்தால் வெளியே ஓட இன்னொரு கதவு வேண்டும் என்று கேட்டுப் பெண்கள் பாதித் தையலில் எழுந்து வேலைநிறுத்தத்தில் இறங்கிவிட்டார்கள் என்று போன ஞாயிறுதான் சங்கத்தில் சொல்லியிருந்தார்கள். அவர்கள் விட்ட சட்டைகள் இங்கே வந்திருக்கின்றன. மறுநாள் காலையில் வலது கையைத் தைக்கத் தொடங்க வேண்டும் என்றார் மானேஜர். முடியாது என்றால் மெஷின் காலியாகத்தான் இருக்கிறது, போய் உட்காரலாம் என்பதையும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

மானேஜரைவிட வீட்டை நினைத்துத்தான் அவருக்குக் கலக்கம். கூடவே இருக்கும் அண்ணன், அந்த நாட்டோடு நடந்த போரில் ஒரு காலை இழந்தவர். சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். அண்ணன் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நமக்கு இப்படி ஒன்று வந்தால் அவர்கள் தைக்க மறுப்பார்களா என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றார் தங்கை.

“என் காலை எடுத்தது சட்டை தைக்கிறவ இல்ல,” என்றார் அண்ணன். “உன் இடுப்பு, உன் இஷ்டம். அப்புறம் வலிக்குதுன்னு என்கிட்ட வந்து மூக்கைச் சிந்தாத.”

மறுநாள் மெஷின்கள் ஓடுவதற்கு முன்பு, லைன் நடுவில் நின்று, இந்தச் சட்டைகளைத் தைக்கும்படி நான் சொல்லமாட்டேன் என்றார் மைக் அக்கா. குரல் இரண்டாம் மேசையைக்கூடத் தாண்டவில்லை.

“என்னடி, மைக்கு ரிப்பேரா?” என்றார் காஜா எடுக்கும் தோழி. “பின்னாடி ஒண்ணும் கேக்கல.”

மறுமுறை சொன்னது மானேஜர் அறைக்கே கேட்டது. ஒருவரும் மூட்டையைத் தொடவில்லை. மானேஜர் முதலில் மிரட்டினார், பிறகு அம்மா தாயே என்று கெஞ்சிப் பார்த்தார். சாயங்காலம் மூட்டைகள் வந்த வழியே லாரி ஏறின. லாரி கிளம்பிய கையோடு அக்காவின் பதவியும் போயிற்று.

அந்தப் பதவியைக் காஜா தோழிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நின்றால் எனக்குக் கால் வலிக்கும் சார் என்றுவிட்டார். லைனில் மற்றவர்களுக்கும் அன்று திடீரென்று கால்வலி. சூப்பர்வைசர் வேலைக்கு வெளியிலிருந்து ஆள் தேடுகிறார்கள். மைக் அக்கா திங்கட்கிழமையிலிருந்து காலர் தைக்கும் மெஷினில் உட்காருகிறார்.