லென்ஸ் மேல் போட்ட பழி

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஆவணிக் கல்யாண சீசனுக்குச் சற்று முன்பு, பெங்களூரு தொம்மலூரில் எங்கள் வீட்டில் நடந்தது இது. என் கணவர் கல்யாண போட்டோகிராஃபர். அவர் எடுத்து வரும் படங்களைக் கம்ப்யூட்டரில் சரிசெய்து ஆல்பமாக்குவது என் வேலை.

பழைய கேமரா தேய்ந்துபோயிருந்தது. புதிது வாங்க இரண்டு வழி இருந்தது. பழைய கம்பெனியின் புது மாடல் என்றால் கையிலிருக்கும் லென்ஸ்களையே அடாப்டர் போட்டு ஓட்டலாம், செலவு குறைவு. வேறு கம்பெனிக்குத் தாவினால் லென்ஸ் எல்லாம் புதிதாக வாங்க வேண்டும். ஆனால் தரம் ஒரு படி மேல் என்று தொழிலில் இருப்பவர்கள் சொன்னார்கள். சாம்பாரில் உப்பு சரியா என்று கேட்டால் 'ம்' என்பதற்கு மேல் பேசாத மனிதர், லென்ஸ் என்றால் மட்டும் விடாமல் பேசுவார். வாரக்கணக்கில் இதே பேச்சுதான். என் நகையை அடகு வைப்பதும் அந்த யோசனையில் இருந்ததால் நானும் காது கொடுத்துக் கேட்டேன்.

கடைசியில் இரண்டையும் வாடகைக்கு எடுத்து வந்தார். லென்ஸைச் சோதிக்க இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. டைல்ஸ் ஒட்டிய சுவருக்கு நேரே நின்று படம் எடுப்பார்கள். லென்ஸில் குறை இருந்தால் டைல்ஸ் கோடுகள் வளைந்து காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் அப்படியொரு வெள்ளைச் சுவர் இருந்தது. முதல் கேமராவைக் கண்ணில் வைத்ததுமே முகத்தைச் சுளித்தார்.

"நடுவுல கோடு நெளியுது பாரு. இதுக்குப் போய் இவ்ளோ வெல."

இரண்டாவது கேமராவிலும் அதே குறை சொன்னார். கோபத்தோடு வாடகைக் கடைக்காரருக்கு போன் போட்டுக் கத்தினார். அவர் பாவம், "சார், நேத்துகூட ஒரு பார்ட்டி ஷூட்டிங்குக்கு எடுத்துட்டுப் போனாங்க. ஒண்ணும் கம்ப்ளெயின்ட் இல்ல சார்" என்று கெஞ்சினார்.

நான் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். இரண்டு கேமராவிலும் கோடுகள் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக இருந்தன.

"எங்கங்க நெளியுது?"

"இதோ, நடுவுல. கண்ணு தெரியலையா உனக்கு?" என்று விரல் வைத்துக் காட்டினார். அடுத்து மானிட்டரைத் திட்டினார். போனில் காட்டினேன், அதிலும் நெளிகிறது என்றார்.

"அப்ப கேமராவே இல்லாமப் போய்ப் பாருங்களேன்" என்று கேலியாகத்தான் சொன்னேன்.

போனார். வெகுநேரம் வராததால் நானும் இறங்கிப் போனேன். சுவருக்கு முன்னால் நின்று, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடினார்; பிறகு மற்றதை மூடினார். என்னைப் பார்த்ததும் கையை இறக்கினார்.

"லென்ஸுல ஒண்ணும் இல்லம்மா. எனக்குத்தான் நெளியுது."

மறுநாளே அவரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

கண் மருத்துவர் அவர் கையில் கட்டம் போட்ட ஓர் அட்டையைக் கொடுத்து, ஒவ்வொரு கண்ணாகப் பார்க்கச் சொன்னார். "நாங்க லென்ஸுக்குப் பண்றதையே நீங்க கண்ணுக்குப் பண்றீங்க டாக்டர்" என்று இவர் சிரித்தார். மருத்துவர் சிரிக்கவில்லை. இவரைப் போல் சிறு வயதிலிருந்தே தடிமனான கண்ணாடி போடுகிறவர்களில் சிலருக்கு விழித்திரையின் நடுப்பகுதி பழுதாவது உண்டாம். ஊசி போட்டு மேலும் பரவாமல் தடுக்கப் பார்க்கலாம், வலது கண்ணில் போனது போனதுதான், இடது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது என்றார். முன்பே வந்திருக்கலாமே என்றும் கேட்டார்.

அதற்கு முந்தைய வருடமே ஒரு நல்ல லென்ஸை மங்கிவிட்டதென்று வந்த விலைக்கு விற்றிருந்தார். அது எடுத்த படங்களில் நான் ஒரு மங்கலையும் கண்டதில்லை. அவருக்குத் தெரியாததா என்று இருந்துவிட்டேன். ஒரு பொருளைச் சந்தேகப்படுவது எவ்வளவு சுலபமாக இருந்தது எங்களுக்கு!

புதுக் கேமரா எதுவும் வாங்கவில்லை. இப்போது கல்யாணங்களுக்கு நானும் போகிறேன். சடங்குகளையும் கூட்டத்தையும் அவர் எடுக்கிறார். கெட்டிமேளம் கொட்டும் நேரம் வந்ததும் கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டு லைட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "பரவாயில்லையே, வீட்டம்மாவுக்கும் தொழில் கத்துக் குடுத்துட்டீங்களே" என்று பெண் வீட்டார் சொன்னால் அவரும் சேர்ந்து சிரிக்கிறார்.

முதல் தடவை அப்படி நான் தாலி கட்டும் படத்தை எடுத்து முடித்ததும் அவர் என் காதருகே குனிந்து, "ஷார்ப்பா வந்திருக்கா?" என்று கேட்டார். ஆல்பத்தில் ஓர் இமை மயிர் மங்கினாலும் என்னை உட்காரவைத்துத் திட்டுகிற மனிதர்.

"வந்திருக்குங்க" என்றேன். எடுத்துப் பார்க்காமல், மறு கேள்வி கேட்காமல் அவர் அதை அப்படியே நம்பிக்கொண்டாரே, அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.