பிளேட்லெட்டும் என் தங்கச்சியும்

ஒசாகாவில் வயிற்றுக்குள் என்ன இருக்கிறதென்று பார்க்க ஒரு பையில் ஊதச் சொல்கிறார்கள். திருவிழாவில் பலூன் ஊதுவதுபோல் நானும் ஊதினேன். இத்தனைக்கும் நான் ஆஸ்பத்திரிக்குப் போனது வயிற்றுக்காக அல்ல. எங்கும் இடித்துக்கொள்ளாமலேயே கை காலெல்லாம் நீலநீலமாய்க் கன்றிப்போயிருந்தது. ரத்தத்தில் பிளேட்லெட் இறங்கிவிட்டதாம். நர்ஸ் என் கணவரை வெளியே அனுப்பிவிட்டு, "வீட்டில் பயமாக இருக்கிறதா?" என்று மெல்லக் கேட்டாள். அந்த மனுஷன் கொசுவைக்கூட அடிக்கமாட்டார். அதை ஜப்பானிய மொழியில் சொல்லத் தெரியாமல் நம்மூர்க் கணக்காய்த் தலையாட்டினேன். அதை அவள் 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டாள் போல, அன்றைக்கு அவரை உள்ளேயே விடவில்லை.

எங்கள் ஊர் செஞ்சியில் பிளேட்லெட் என்றால் டெங்கு, டெங்கு என்றால் பப்பாளி இலை. "எலைய இடிச்சு சாறு குடிடி, ஏறிக்கும்" என்றாள் அம்மா போனில். ஒசாகாவில் பப்பாளி இலைக்கு எங்கே போவேன்! டாக்டர் சொன்னது வேறு. வயிற்றில் ஒரு கிருமி. சின்ன வயதிலேயே வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டியிருக்கலாம். அதோடு மல்லுக்கட்டுகிற உடம்பு, சிலருக்குத் தன் பிளேட்லெட்டையே அழித்துவிடுமாம். கிருமி போனால் ஏறலாம், ஏறும்வரை விமானம் கூடாது என்றார். ஊரிலோ என் தங்கச்சி மலருக்கு வளைகாப்பு நெருங்கிக்கொண்டிருந்தது.

கேளுங்கள் கூத்தை. வாந்தி நிற்கவில்லையென்று மலரைப் பரிசோதித்தபோது அவளுக்கும் அதே கிருமி. பிரசவத்துக்கு அப்புறம் மருந்து கொடுக்கலாம் என்றுவிட்டார்கள். பிளேட்லெட் மட்டும் அவளுக்கு அசையவே இல்லை! சின்ன வயதில் அம்மா ஒரே குண்டானில் குழம்புச் சோறு பிசைந்து இருவர் வாயிலும் மாறி மாறி ஊட்டுவாள். முதல் உருண்டை எப்போதும் மலருக்கு, சின்னவளாம். அதே கை, அதே சோறு, அதே கிருமி. அவளுக்கு வயிற்றில் பிள்ளை, பக்கத்தில் அம்மா. எனக்குக் கன்றிப்போன கை. பொறாமைதான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

வாயெல்லாம் கசக்கக் கசக்க மாத்திரை தின்றேன். பிளேட்லெட் ஏறியது. கிருமி சுத்தமாகப் போய்விட்டது, இனி ஒட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம் என்று அம்மாவிடம் போனில் பீற்றிக்கொண்டேன். வளைகாப்புக்கு முந்தின நாள் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நைனா வந்து அழைத்துப்போனார்.

விசேஷம் முடிந்த சாயங்காலம் அம்மா குண்டானில் சோறு பிசைந்தாள். கை நிறைய வளையலோடு மலர் எதிரே உட்கார்ந்தாள். நானும் போய் ஒட்டி உட்கார்ந்தேன். என் முன்னால் புதுத் தட்டு ஒன்று வந்தது, ஸ்பூனோடு.

"இன்னாம்மா இது?"

"அவளுக்கு இன்னும் அந்தப் பூச்சி இருக்குதுடி. உனக்கு மறுபடி ஒட்டிக்கிச்சுன்னா, அங்க உன்ன யாரு பாத்துக்குவாங்க?"

"ஜப்பான்காரிக்குத் தனி மரியாதைதான்!" என்று மலர் சிரித்தாள்.

தட்டைத் தள்ளிவிட்டு வாயைத் திறந்தேன். அம்மாவின் கை உருண்டையோடு என் வாயருகே வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது. பிறகு மலர் பக்கம் திரும்பிப் போனது.