அம்மன் முன்னால் முடித்த வழக்கு

ஒரு வருடமாக என் கணவர் வெயிலைக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தார்.

போன வருடம் பங்குனியில் பக்கவாதம் அவருடைய இடப்பக்கத்தை எடுத்துக்கொண்டது. நாங்கள் இருந்தது இந்தப் பனி நகரத்தின் வெக்ஸ்போர்ட் பகுதியில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் இரண்டு பேர் அவரைக் கதிரையோடு தூக்கி இறக்குவார்கள். மற்ற நாட்களில் யன்னல். பனி, மழை, திரும்பவும் யன்னல். முதலில் பேச்சைக் குறைத்தார். பிறகு சாப்பாட்டை.

நிலத்தோடு ஒட்டிய ஒரு வாடகை வீடு வேண்டும். வேறு எதையும் நான் கேட்கவில்லை. மூன்று வீடு பார்த்தேன், மூன்றும் கைவிட்டுப் போயின. கடைசி வீட்டுக்கார அண்ணைதான் காரணத்தைச் சொன்னார்.

"தங்கச்சி, கோவிக்காதையும். உதெல்லாம் மகன்தான் பாக்கிறவன். உம்மட கடன் விபரம் சொல்லுற கிரெடிட் றிப்போட்டில கட்டாத கோட்டுத் தீர்ப்பு ஒண்டு கிடக்காம்."

அடியார்களே, நான் அதைக் கட்டியிருந்தேன்.

பவானி அக்காவிடம் சீட்டுப் பிடித்தவள் நான். என் பங்குச் சீட்டுக் காசை முதலே எடுத்துவிட்டேன். பிறகு கணவருக்குப் பிறம்ரனில் இருந்த வேலை போனது, மாதக் காசு நின்றது. அக்கா தன் கையிலிருந்து போட்டு மற்றவர்களுக்குக் கொடுத்தார். பொறுத்துப் பார்த்துவிட்டுக் கோட்டுக்குப் போனார். எனக்கு ரோசம். விசாரணைக்கே போகவில்லை. தீர்ப்பு என் பெயரில் விழுந்தது. பிறகு இரண்டு வருடம் ஒபீஸ் துடைத்துச் சிறிது சிறிதாகக் கட்டினேன். கடைசிக் காசை எங்கள் கோயிலில், அம்மன் முன்னால், வெற்றிலை வைத்துக் கொடுத்தேன். அக்கா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றினார். அம்மன் பார்த்துக்கொண்டிருக்கும்போது ரசீது கேட்பதா? நான் கேட்கவில்லை. அவர் கோட்டுக்கு அறிவிக்கவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் பேசவும் இல்லை.

சட்ட உதவி நிலையத்துப் பிள்ளை விளக்கினாள்: இரண்டு பேரும் சம்மதித்துக் கையெழுத்து வைத்தால் கோட்டு தீர்ப்பை நீக்கும், அதன் பிறகு றிப்போட்டிலிருந்தும் எடுப்பார்கள்.

ஒரு கையெழுத்து. அக்காவின் வீடு நாலு பஸ் தரிப்புத் தூரம். நான் போகவில்லை. ஒன்பது வெள்ளி கோயிலுக்குப் போய், அக்காவின் வாசலை மிதிக்காமல் என் பெயரைத் துடைத்துத் தா என்று அழுதேன். அதையும் வேண்டுதல் என்றுதான் நினைத்திருந்தேன்.

கார்த்திகையில் பவானி அக்காவின் கணவர் தேவண்ணை இறந்துபோனார். திடீரென்று, வேலையில் நின்றபடியே.

பகையென்றாலும் செத்தவீட்டுக்குச் சொல்லாமலே போக வேண்டும். போனேன். எனக்குப் பின்வரிசையில் இரண்டு குரல்கள்:

"உவள் என்னெண்டு வந்தவள்?"

"சாப்பாடு இருக்கெண்டு ஆரும் சொல்லியிருப்பினம்."

திரும்பிப் பார்க்கவில்லை. அக்காவின் கையைப் பிடித்தேன். அது பனியில் கிடந்த இரும்பு மாதிரி இருந்தது. கையெழுத்துப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. என் கணவரும் தேவண்ணையும் ஒரு காலம் விடிய விடியக் கடதாசிக் கட்டைக் கலைத்துப் போட்டு விளையாடியவர்கள். மூன்று மாடி இறங்க முடியாமல் அவர் யன்னலோடேயே அழுதார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து நாலாம் நாள் போன் அடித்தது. பவானி அக்கா.

"சுகந்தி, இவற்ற அலுமாரி ஒதுக்கினனான். உன்ர கோட்டுப் பேப்பர் கிடக்கு. உது ஏன் இன்னும் என்னட்ட?"

எல்லாவற்றையும் சொன்னேன்.

"விசரி. உதை முந்தியே கேட்டிருக்கலாமே."

"எந்த முகத்தோட அக்கா வாறது?"

"செத்தவீட்டுக்கு வந்த முகத்தோட." அலுமாரிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. "காசு வந்தா எல்லாம் முடிஞ்சுதெண்டுதான் நானும் நினைச்சன். நாளைக்கு வாறன். தேத்தண்ணியைச் சீனி போடாமல் வை."

வந்தார். கையெழுத்து வைத்தார். மாசியில் கோட்டு தீர்ப்பை நீக்கியது. பங்குனி முடிய றிப்போட்டில் அந்த வரி இல்லை. சித்திரையில் வீடு கிடைத்தது. வாசலில் ஒரு படிகூட இல்லை.

முதல் நாள் காலை அவரைப் பின்வளவுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பனி கரைந்த மண். அவர் குனிந்து வலக்கையால் அதைத் தொட்டார். விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "தேவனுக்குக் காட்டியிருக்கலாம்" என்றார்.

என் பெயர் துப்புரவாவதற்கு இன்னொரு வீடு இருண்டதா என்று அம்மனிடம் கேட்டேன். அவள் அதற்கு மட்டும் இன்றுவரை பதில் தரவில்லை. இப்போது வெள்ளிக்கிழமைகளில் அக்காவும் நானும் ஒரே பஸ்ஸில் போகிறோம். அவர் யன்னல் பக்கம் இருப்பார். அதிகம் பேசமாட்டோம்.

உங்களில் யாருக்காவது ஒரு வாசலை மிதிக்க முடியாமல் இருந்தால், அந்த வாசலுக்குப் போகும் கால்களை அம்மனிடம் கேளுங்கள். அந்த வீட்டில் எல்லோரும் உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள். தருவாள். பிழையாகக் கேட்ட எனக்கே தந்தாள்.