அம்மாவுக்கென்று எடுத்து வைத்த சாமை

1943, தை மாதம், ஒரு சனிக்கிழமை. காலை ஆறரை மணிக்குச் சேலத்தில் ரயில் ஏறினேன். பொம்மிடிக்கு மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஒன்பது அணா. யுத்த காலக் கூட்டம். மூட்டைகளுக்கெல்லாம் உட்கார இடம் கிடைத்திருந்தது. நான் நின்றுகொண்டே போனேன்.

நான் ஓர் உபதேசியார். பாதிரியார் எட்டிப் பார்க்காத சிற்றூர்களில் ஆராதனை நடத்துவது என் வேலை. ஐப்பசியில் என் மனைவி எஸ்தர் விஷக்காய்ச்சலில் இறந்துபோனாள். அன்று முதல் எனக்கு ஜெபம் வரவில்லை. உதடு அசையும், உள்ளே ஒன்றும் அசையாது. ஊருக்கெல்லாம் ஆறுதல் சொன்னவனுக்குத் தன் வீட்டில் சாவு விழுந்ததும் வாயடைத்துப் போயிற்று. கடத்தூருக்கு அப்பாலுள்ள சிற்றூரில் கடைசியாக ஓர் ஆராதனை நடத்தி, வேலையை விடுகிறேன் என்று அந்த மக்களிடம் சொல்லிவிட்டு வரத்தான் புறப்பட்டேன்.

ஒன்பது மணிக்குப் பொம்மிடி. அங்கிருந்து கடத்தூர் ஏழு மைல், அதற்கு மேலும் இரண்டு மைல். மாட்டுவண்டிக்கு ஒன்றேகால் ரூபாய். பனி விலகவில்லை. மலைகள் இருந்த இடத்தில் மலைகள் இல்லை. புளியமரங்கள் ஒவ்வொன்றாக வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, மறுபடி பனிக்குள் போயின. தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. எஸ்தர் பக்கத்தில் உட்கார்ந்து கொண்டை முடிவது போலிருந்தது. பார்த்தால் போய்விடுவாளோ என்று திரும்பாமலே இருந்தேன்.

"அம்மா வரலீங்களா?" என்றார் வண்டிக்காரர் மாது. முன்பு இரண்டு தடவை எங்களை ஏற்றிப் போனவர்.

"இல்லை" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மாட்டிடம் தன் வீட்டு மொழியான கன்னடத்தில் ஏதோ சொன்னார்.

பகல் ஒரு மணிக்கு ஊர் வந்தது. மண்சுவர்க் கோயிலில் இருபது பேர் கூடிவிட்டார்கள். நான் வராத நாட்களில் ஜெபம் நடத்தும் விவசாயி ஏசடியான் முழங்காலிட்டார். "சாமி, எங்க உபதேசியாரம்மாவுக்கு ஒடம்பு சீக்கிரம் சொகமாவணும்" என்றார். எல்லாரும் ஆமென் என்றார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புரட்டாசியில் வந்தபோது, அவளுக்குக் காய்ச்சல், ஜெபியுங்கள் என்று சொல்லியிருந்தேன். அவள் இறந்ததை நான் சொல்லியனுப்பவே இல்லை.

ஏசடியானின் மனைவி ராகேல் ஒரு மண்பானையை என் முன்னால் வைத்தாள். அங்கே பெண்கள் உலையில் போடுமுன் கோயிலுக்கென்று ஒரு பிடி தானியம் எடுத்து வைப்பது வழக்கம்.

"இது அம்மாவுக்குன்னு தனியா எடுத்த பிடிங்க. எல்லா வூட்டுலயும் எடுத்தோம். சாமைக் கஞ்சி காச்சிக் குடுங்க, தெம்பு வரும்."

அந்த வருஷம் அங்கே மழை பொய்த்திருந்தது. ஒரு வேளைதான் உலை வைத்தார்கள்.

"அம்மா ஐப்பசியிலயே போயிட்டாங்க" என்றேன்.

ராகேல் பானையைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ஏனோ கோபம் வந்தது. "நீங்க கேட்டதெல்லாம் வீணாப் போச்சு" என்றேன். இத்தனை நாளும் நெஞ்சிலிருந்தது அதுதான்.

ஏசடியான் யோசித்தார். "வீணாப் போவாதுங்கய்யா. அம்மா இல்லீன்னா, அந்த வூட்டுல இருந்த ஒங்களுக்குத்தாங்க அது வந்திருக்கும்."

மூன்று மாதம் நான் எப்படிக் காலையில் எழுந்தேன், எப்படித் தண்ணீர் இறைத்தேன், யார் சொல்லிச் சாப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. எல்லாம் என் வைராக்கியம் என்று நினைத்திருந்தேன். அவளைப் புதைத்த அன்றுகூட அழாதவன் அந்தக் கோயிலில் உட்கார்ந்து அழுதேன்.

அந்தச் சாமையிலேயே கஞ்சி காய்ச்சினார்கள். உபதேசியார் ஜெபிக்காமல் அங்கே ஒருவரும் வாயில் வைக்க மாட்டார்கள். "பிதாவே" என்றேன். அதற்கு மேல் ஓடவில்லை. கஞ்சி ஆறும் வரை காத்திருந்தார்கள். பிறகு அந்த ஒரு சொல்லையே ஜெபமாக எடுத்துக்கொண்டு ஆமென் சொன்னார்கள்.

சேலத்தில் துக்கம் கேட்க வந்தவர்கள் கர்த்தருடைய சித்தம் என்று சொல்லி, காபி குடித்துவிட்டுப் போனார்கள். நானும் எத்தனையோ வீடுகளில் அதையே செய்திருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை வண்டி ஏறும்போது ராகேல் கேட்டாள்: "இனிமே அந்தப் பிடிய யாரு பேருல எடுக்கறதுங்க?"

"என் பேர்ல எடும்மா. மாசிக் கடைசில வந்து வாங்கிக்கறேன்" என்றேன்.