மேற்குப் பார்த்த வீடு

அடுத்த மாதம் அம்மாவுக்கு ஏலக்காய்த் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு. அதோடு எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். கேரளாவில் எங்களுக்கென்று வேறு வீடு இல்லை. மலையிறங்கி, தமிழ்நாட்டில்தான் ஓர் ஊரைப் பிடிக்க வேண்டும்.

தேனி பார்த்தாயிற்று. போடி பார்த்தாயிற்று. அம்மாவுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை.

இன்று கம்பம். கம்பம்மெட்டிலிருந்து பஸ் வளைந்து வளைந்து இறங்கியதில் எனக்கு இன்னும் தலைசுற்றல் நிற்கவில்லை.

புரோக்கர் இரண்டு வீடு காட்டினார். முதல் வீடு வேப்பமர நிழலில் குளுகுளுவென்று இருந்தது. அம்மா வாசலோடு திரும்பிவிட்டாள்.

"இருட்டா இருக்குடி. பூசணம் பிடிக்கும்."

அடுத்தது மாடியில், மேற்குப் பார்த்த வீடு. மூன்று மணி வெயில் முழுக்க உள்ளேதான் இருந்தது. அம்மா சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். முகமே மாறிவிட்டது.

"செவுரு என்னா கதகதப்பு! துணியெல்லாம் ஒரே நாள்ல காஞ்சிரும். இந்த ஊரே போதும்."

புரோக்கர் பாவம், என் பக்கம் திரும்பினார். "வெயிலுக்குப் பயந்து இந்த வீட்டுல யாரும் தங்குறதே இல்லம்மா. அம்மாகிட்ட எடுத்துச் சொல்லுங்க."

சொன்னேன். அம்மா சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை.

"முப்பது வருசமா மலையில மழையிலயும் ஈரத்துலயுமே கெடந்தாச்சு. இனி காஞ்சாலும் பரவால்லடி."

ஆக, ஊர் முடிவாகிவிட்டது. கம்பத்து நண்பர்களே, நல்ல ஃபேன் எங்கே கிடைக்கும்? மலைக்குளிரில் எங்கள் வீட்டில் இதுவரை ஃபேனே இருந்ததில்லை. எத்தனை வாங்க வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை.