காதர் பாயின் கட்டிலைத் திருப்பினோம்

விரலை வைத்து அழுத்தி எடுத்தேன். சிவப்பு வெளுக்கவில்லை.

காதர் பாயின் வலது இடுப்பில், எலும்பு முட்டும் இடத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்திருந்தது. அழுத்தி எடுத்ததும் தோல் ஒரு நொடி வெளுத்தால் பயமில்லை. வெளுக்காவிட்டால் பெட்சோர், அதாவது படுக்கைப் புண், வாசலுக்கு வந்துவிட்டது என்று பொருள். தாம்பரத்தில் அந்த நர்சிங் ஹோமில் நான் இன்சார்ஜ் சிஸ்டர். என் வார்டில் யாருக்கும் பெட்சோர் வராது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தவள்.

பாய்க்குப் படப்பையில் ஹார்டுவேர் கடை. பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் கணீரென்று இருந்தது. அடுத்த மாதம் மகள் சஃபியாவுக்கு நிக்காஹ். கல்யாணப் பெண்ணே அப்பாவுக்குத் துணையாக வார்டில் இருந்தாள்.

"தோல் ஒடஞ்சா என்னாகும் சிஸ்டர்?"

"உக்கார வைக்க முடியாதும்மா. பிசியோதெரபி நின்னுடும்."

"அத்தா உக்காந்து, அவரு கையாலதான் என்னைக் குடுக்கணும். வேற யாரும் வேணாம் எனக்கு" என்று அழுதாள்.

மோட்டார் வைத்துக் காற்று மாறி மாறி ஏறும் ஏர் பெட் போட்டிருந்தோம். அது ஓடினாலும் ஆளைத் திருப்பித்தான் ஆக வேண்டும். பாயோ திரும்ப மாட்டார். இடது பக்கம் சாய்த்து, முதுகுக்குத் தலையணை கொடுத்துவிட்டு வருவேன். நல்ல கையால் கட்டில் கம்பியை உந்தி, மறுபடி வலது பக்கமே புரண்டிருப்பார்.

"ஏன் பாய் இப்படிப் பண்றீங்க?"

"அந்தப் பக்கம் கிழக்கும்மா. மேக்க பாத்துத்தானே தொழுவணும்? முதுகக் காட்டிக்கினு எப்டி துவா கேக்கறது?"

"அல்லா எல்லாப் பக்கமும் இருக்காரு பாய்."

"அத நீ எனக்குச் சொல்றியா?" என்றார். சஃபியா அழுகையோடு சிரித்துவிட்டாள்.

மறுநாள் பக்கத்துக் கட்டிலுக்கு திருநீர்மலையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். எங்கள் வார்டில் ஆக்ஸிஜன் குழாய் வடக்குச் சுவரில் இருந்ததால் எல்லாக் கட்டிலுக்கும் தலைமாடு வடக்கு. நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் பெரியவரின் மகன் கட்டிலைத் தலைகீழாகத் திருப்பி வைத்திருந்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"யாரைக் கேட்டு கட்டில்ல கை வச்சீங்க?"

"இன்னா சிஸ்டர், வடக்கால தல வச்சிப் படுக்கலாமா? அப்பா பயந்துகினு கீறாரு."

இன்னும் நாலு வார்த்தை கேட்கத்தான் வாயைத் திறந்தேன். பெரியவர் இடது பக்கமாகச் சாய்ந்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேற்கு ஜன்னல். தலைமாடு தெற்கே போனால், இடது பக்கம் படுக்கிறவரின் முகம் மேற்கே!

திறந்த வாயை மூடினேன். சக்கரம் வைத்த கட்டில்தானே! வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

"தம்பி, உங்களத் திட்டறத அப்புறம் வச்சிக்கறேன். இந்தக் கட்டிலையும் ஒரு கை புடிங்க."

ஏர் பெட்டின் மோட்டார் ஒயர் எட்டவில்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டோம். பாயை இடது பக்கம் சாய்த்து, விழுந்த தோளை மெதுவாக முன்னால் இழுத்துவிட்டு, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்தேன். ஜன்னலைப் பார்த்தார். கம்பியைத் தொடவே இல்லை. இடைவேளைகளில் மல்லாத்தினாலும், அடுத்த திருப்பல் மேற்கேதான் என்று தெரிந்ததால் பொறுத்துக்கொண்டார்.

பிறகு ஒரு காலையில் விரலை வைத்து அழுத்தி எடுத்தேன். வெளுத்தது! "வெளுத்துடுச்சு!" என்று நான் போட்ட சத்தத்தில் டாக்டர் ஓடி வந்துவிட்டார்.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: நோயாளி திரும்ப மாட்டேன் என்றால் அடம் என்று எழுதாதீர்கள். எந்தப் பக்கம் பார்க்க ஆசை என்று கேளுங்கள்.

நிக்காஹ் அன்று படப்பை மண்டபத்தில் பாய் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, நல்ல கையால் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். நிக்காஹ் முடிந்து எல்லோரும் துவாவில் இருக்க, புண் வராமலிருக்க நாங்கள் பழக்கியபடி நாற்காலிக் கையை ஊன்றி இடுப்பைக் கொஞ்சம் தூக்கி, மாற்றி உட்கார்ந்தார். பெண்கள் பக்கத்தில் என்னைக் கண்ணால் தேடிப் பிடித்து, பார்த்தாயா என்பதுபோல் புருவத்தைத் தூக்கினார்.